பேக்கிங் லிஸ்டில் ஒரு போராட்டம்

ஆம்பூரில் ராக் குழுவுக்கு மேனேஜர் என்றால் பாதி நேரம் ஒயர் சுருட்ட வேண்டும், மீதி நேரம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பகலில் நான் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கிறேன். வீட்டில் முதல் பட்டதாரி என்பதால், எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று முறை படித்துவிடுவேன். குழுவில் மூன்று பேர். தோல் ஆலையில் நிறம் பார்க்கும் இம்ரான் பாடுவான். என் கம்பெனியிலேயே கட்டிங் மிஷினில் இருக்கும் சுரேஷ் டிரம்ஸ். பேஸ் கிட்டார் ஜான் அண்ணன், கல்யாணமானவர்.

அழைப்பு

நாங்கள் ஏலகிரியில் வாசித்த வீடியோவை யாரோ பார்த்து, ஒரு வெளிநாட்டு இசை விழாவுக்கு அழைத்து மெயில் அனுப்பினார்கள். அப்போது அந்த நாடு பக்கத்து ஊர்களில் குண்டு போட்டுக்கொண்டிருந்தது. பெரிய பெரிய குழுக்களே அங்கே போகலாமா கூடாதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நாட்டின் பெயரை எழுதினால் உங்களில் பாதிப் பேர் கோபித்துக்கொள்வீர்கள். எங்கள் குழுவில் அது ஏற்கெனவே நடந்துவிட்டது.

போனால் குழுவை விட்டு விலகிவிடுவேன் என்றான் இம்ரான். போகாவிட்டால் நான் விலகுவேன் என்றான் சுரேஷ். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்ற ஜான் அண்ணன் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எனக்கோ எங்கள் தெருவிலேயே முதல் பாஸ்போர்ட் வந்திருந்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கு அம்மா பாயசமே வைத்துக் கொடுத்திருந்தாள். பதில் எழுதவேண்டியவனும் நான்தான். டீக்கடையில் சுரேஷ் கடைசியாக ஒரு கேள்வி கேட்டான்.

"நம்ம கம்பெனி ஷூ மாசா மாசம் அங்க போவுது. ஷூ போலாம், அதைத் தைக்கிறவன் போகக்கூடாதா? இன்னாடா நியாயம் இது?"

செருப்பில்லாத தீர்மானம்

குழு உடையாமல் இருக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். போவோம். ஆனால் கடைசிப் பாட்டுக்கு முன் மூவரும் காலணியைக் கழற்றிவிட்டு, கால் செருப்புகூட இல்லாமல் ஊரைவிட்டு ஓடியவர்களுக்காக வெறுங்காலில் வாசிப்பார்கள். ஏன் என்று இம்ரான் ஒரு வரி சொல்வான். இம்ரான் அரை மனதோடு ஒப்புக்கொண்டான். சுரேஷ் முழு மனதோடு.

ஒத்திகை பார்க்க வேறொரு ஷூ கம்பெனியின் ஆண்டு விழாவைத் தேர்ந்தெடுத்தது என் தவறு. மூவரும் ஷூவைக் கழற்றி மேடை விளிம்பில் வரிசையாக வைத்தார்கள். இம்ரான் அந்த ஒரு வரியைச் சொல்லும் நேரம் பார்த்து மைக் செத்தது. போனஸ் பிரச்சினையா என்று கேட்டுக்கொண்டு மனிதவள அதிகாரி ஓடிவந்தார். முதலாளி மூவரின் கால்களையும் பார்த்தார், பிறகு தன் ஷூவைப் பார்த்தார். நிகழ்ச்சி முடிந்ததும் தையல் பிரிவு அக்கா ஒருவர் இம்ரானிடம் வந்து, எப்போது மாலை போட்டீர்கள், மலைக்கு எப்போது கிளம்புகிறீர்கள் என்று பக்தியோடு விசாரித்தார். அவர் மனம் நோகக்கூடாதே என்று, இன்னும் தேதி முடிவாகவில்லை என்றான் இம்ரான்.

"போய்ட்டு வந்து எங்க லைனுக்கும் கொஞ்சம் பிரசாதம் குடுங்க சாமி."

வீட்டில்

அம்மாவும் ஷூ தைப்பவள்தான். நாள் முழுக்க ஷூவின் மேல்தோலைத் தைத்துவிட்டு வந்தவளிடம் எங்கள் திட்டத்தை விளக்கினேன். அந்த ஜனங்கள் பாவம் என்று ஒப்புக்கொண்டாள். பிறகு சோறு போட்டுக்கொண்டே யோசித்தாள்.

"செருப்பில்லாதவங்களுக்குன்னா ரெண்டு ஜோடி எடுத்துனு போய்க் குடு. நீங்க கழட்டிட்டா அவங்க காலு சூடு கம்மியாய்டுமா?"

படிவம்

விழாக்காரர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். மேடைக்குக் கொண்டுவரும் எல்லாப் பொருட்களையும், அவை எதற்கு என்பதையும் எழுத வேண்டும். எங்கள் தொழிலில் பெட்டியில் இருப்பது பட்டியலில் இருக்க வேண்டும், பட்டியலில் இருப்பது பெட்டியில் இருக்க வேண்டும். ஒரு ஜோடி வித்தியாசம் வந்தால் கன்டெய்னரே துறைமுகத்தில் நின்றுவிடும். எனக்குக் கை அப்படியே பழகிவிட்டது. கிட்டார் இரண்டு, டிரம் குச்சி நான்கு ஜோடி என்று எழுதிக்கொண்டே வந்து, "காலணி மூன்று ஜோடி, கடைசிப் பாட்டுக்கு முன் கழற்றப்படும்" என்றும் எழுதினேன். எதற்கு என்ற இடத்தில் "தங்கள் நாட்டின் குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்கு ஆதரவாக" என்று எழுதினேன். மூன்று முறை படித்தேன். எழுத்துப்பிழை இல்லை. அனுப்பினேன்.

இரண்டே நாளில், இந்த ஆண்டு நிகழ்ச்சிகள் நிரம்பிவிட்டன என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. நான் அனுப்பிய படிவத்தைச் சுரேஷ் என் போனில் திறந்து படித்தான்.

"எவனாவது போராட்டத்தை பேக்கிங் லிஸ்ட்ல போடுவானாடா?"

வீரர்கள்

அந்த நாட்டு விழாவை நாங்கள் உதறித் தள்ளிவிட்டதாக ஒரே வாரத்தில் எப்படியோ செய்தி பரவியது. வேலூரில் ஒரு கல்லூரியில் மதிய நிகழ்ச்சிக்கு அழைத்து, "மறுத்தவர்கள்" என்று மேடை அகலத்துக்கு பேனர் கட்டியிருந்தார்கள். போகவேண்டும் என்று குதித்த சுரேஷ்தான் முதல் சால்வையை வாங்கிக்கொண்டான். இம்ரான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த பேனர் தப்பான பேக்கிங் லிஸ்டாகத் தெரிந்தது. பெட்டிக்குள் ஒன்று, பட்டியலில் வேறொன்று.

மைக்கை வாங்கி உண்மையைச் சொல்லிவிட்டேன். நாங்கள் மறுக்கவில்லை, போகத்தான் இருந்தோம், அவர்கள்தான் எங்களை மறுத்தார்கள், அதற்கும் என் படிவம்தான் காரணம் என்றேன். இனி குழு இல்லை என்றே நினைத்தேன். அப்போது சுரேஷ் சால்வையை மடித்து வைத்துவிட்டு ஷூவைக் கழற்றினான். இம்ரான் அவனைப் பார்த்தான், பிறகு தானும் கழற்றினான். ஜான் அண்ணன் யாரிடமும் கேட்காமலே கழற்றினார். நானும் கழற்றினேன். இந்த முறை மைக் வேலை செய்தது. இம்ரான் அந்த ஒரு வரியைச் சொன்னான். பாட்டு முடிந்ததும் கைதட்டல் வரத்தான் செய்தது. விழா நடத்திய மாணவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்க சொன்ன உண்மை நல்லாத்தான் இருந்துச்சுண்ணா, ஆனா பேனர் அடிச்சாச்சே."

முத்திரை விழாத பாஸ்போர்ட்டோடும் உடையாத குழுவோடும் நான் ஆம்பூர் பஸ் ஏறியது வெறுங்காலில்தான், ஏனென்றால் மேடை விளிம்பில் வைத்த நான்கு ஜோடிகளில் காணாமல் போனது, எந்தப் பட்டியலிலும் நான் எழுதாமல் விட்ட என்னுடைய ஜோடி.