தரையைத் தட்டிப் பார்த்தவர்

சிட்னியின் நார்த்மீடில் வாங்கிய வீட்டில் நாங்கள் பால் காய்ச்சிய அன்று, பக்கத்து வீட்டு அன்ரியும் வந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைக் கிராப்பு. நிலவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கைத்தடியால் தரையைத் தட்டி, தலைசாய்த்துக் கேட்ட பிறகே காலை வைத்தார்.

“முழங்கால் வலியா அன்ரி?”

“இல்லை பிள்ளை, பழக்கம். நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி எரிமலையளை ஆராயப் போன ஆக்கள் இப்பிடித்தான் தட்டித் தட்டி நடந்தவை. வெறும்பானை மாதிரிச் சத்தம் வந்தா, கீழ நெருப்பு. நானும் வனுவாட்டுத் தீவு எரிமலையில அப்பிடித்தான் நடந்தனான்.”

“சிட்னியில ஏது அன்ரி எரிமலை?”

“ஓம், இஞ்ச இல்லைத்தான்” என்று சிரித்தபடி ஹாலின் நடுவில் தட்டினார். மறுபடி தட்டினார். சிரிப்பு நின்றது. அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் கதிரையில் உட்கார்ந்தார்.

நல்ல நாளும் அதுவுமாக இதென்ன வேலை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. “அடியில முழுக்கக் கான்கிரீட்” என்று கணவர் பிறகு சிரித்தார். அன்று உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் மூன்று வயது மகளிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

நேற்று அவள் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வந்தாள். பந்து ஹாலின் நடுவே நேராக உருண்டது. அவள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.