கடைசித் தொப்பி

எங்கள் சித்தப்பாவுக்குப் பறக்கிற விமானங்களைப் பிடிக்காது. அவற்றைத் தினமும் பார்க்கும் பாக்கியம் அவருக்கு வாய்த்திருந்தது. சைகோன் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் எழுத்தர் வேலை. பறப்பதை நிறுத்திவிட்டவை மேல்தான் அவருக்குக் கொள்ளை ஆசை. போரில் விழுந்தவை, ஆயுள் முடிந்து ஓரங்கட்டப்பட்டவை, புல் முளைத்துக் கிடப்பவை. எந்த விமானத்துக்கு எத்தனை முழம் இறக்கை, என்ன எஞ்சின் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். காரைக்காலில் செத்துப்போன தன் தாயாருக்குத் திவசம் எந்த மாதம் என்பதை மட்டும் ஒவ்வொரு வருடமும் என் அப்பாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிப் போய், குடியரசு வந்து, குடியரசுத் தலைவரின் படம் எல்லாக் கடைகளிலும் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. கீழே அப்பா, அம்மா, அத்தை, நான். மாடியில் சித்தப்பாவும் சித்தியும். எனக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சு, தெருவில் வியட்நாமியம், வீட்டில் திட்டு வாங்குவதற்குத் தமிழ் என்று மூன்று மொழியில் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மாடிக்கூடத்தில் பழைய விமானங்களின் ரசிகர் சபை கூடும். சபை என்றால் மூன்றே பேர். சித்தப்பா ஒருவர். இன்னொருவர், பழைய போரில் விமான மெக்கானிக்காக இருந்து, எல்லோரும் போன பிறகும் போகாமல் தங்கிவிட்ட ஒரு பிரெஞ்சுக் கிழவர். அவரை நாங்கள் முசே என்று அழைத்தோம். மூன்றாமவர் வியட்நாம்காரர், பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியார். எந்த விமானத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவார். புகைப்படங்களைப் பரப்பிவைத்து, வால் நீளமா குட்டையா என்று இவர்கள் மணிக்கணக்கில் வாதாடுவதைப் பார்த்து அத்தை தலையில் அடித்துக்கொள்வார்.

சித்தி வியட்நாம்காரி. மீத்தோ பக்கம் ஒரு கால்வாய்க்கரைக் கிராமம். சண்டையில் வீட்டு மனிதர்களை இழந்து சைகோனுக்கு வந்தவள் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். கேட்கச் சோம்பல் என்றும் சொல்லலாம். அம்மாவிடம் தமிழும் ரசமும் கற்றுக்கொண்டாள். ரசம் அம்மாவுடையதைவிட நன்றாக இருக்கும். விமானத் தகட்டில் செய்த ஓர் அலுமினியச் சீப்பு அவளிடம் இருந்தது. அந்தக் காலத்தில் சந்தையில் அவைதான் மலிவு. அதைக்கொண்டு தினமும் என் தலையை வாரிவிடுவாள். என் அம்மாவின் கை இழுக்கும். சித்தியின் கை இழுக்காது. அதனால் எனக்கு அவள்தான் உலகம்.

அந்த வருடம் மழைக்காலத்தில், சீனர் பேட்டையான சோலோனில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து சித்தப்பா ஒரு தகட்டை சிக்லோ என்கிற மிதிரிக்ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஒற்றை எஞ்சின் போர் விமானம் ஒன்றின் பக்கவாட்டுத் தகடு, ஏறத்தாழ ஒரு கதவு அளவு. முசேயும் வாத்தியாரும் ஆளுக்கொரு முனை பிடிக்க, மாடிக்கூடத்துச் சுவரில் அதைச் சாய்த்துவைத்தார்கள். சித்தப்பா மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்க, அழுக்குக்கு அடியிலிருந்து ஒரு சொல் எழுந்து வந்தது.

நியாக்குவே. வியட்நாமிய மொழியில் அது நாட்டுப்புறம் என்ற சாதுவான சொல்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் வாய்க்குள் போய்த் திரும்பி வந்தபோது எச்சிலாகிவிட்டிருந்தது. அதற்குக் கீழே, வயலில் வேலை செய்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் கூம்புத் தொப்பிகள் ஒரு வரிசையாகக் கறுப்பில் வரையப்பட்டிருந்தன. என் கைவிரல்களுக்குள் அடங்கும் எண்ணிக்கை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறுக்குக் கோடு. கடைசித் தொப்பி மட்டும் மற்றவற்றில் பாதிதான் இருந்தது.

அது ஏன் குட்டியாக இருக்கிறது என்று நான் கேட்டேன்.

“இடம் போதவில்லை, குழந்தை” என்றார் முசே.

அந்தத் தொப்பிக்கு அப்பால் என் கை நீளத்துக்கு வெறும் தகடு இருந்தது. அதை நான் சுட்டிக்காட்டுவதற்குள் சித்தப்பா காபிக்குக் குரல் கொடுத்துவிட்டார்.

சித்தி காபித் தட்டோடு வந்தாள். வாசற்படியில் நின்று தகட்டைப் பார்த்தாள். பிறகு தட்டைத் தரையிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அந்தக் காபியைச் சித்தப்பாதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவள் சொன்னாள்: “அது இருக்கிற வீட்டுல நான் இருக்க முடியாது. ஏழாம் மாசப் பௌர்ணமி கழிச்சு நான் ஊருக்குப் போறேன்.”

அவளுக்கு ஊரில் ஒருவரும் இல்லை. ஆனாலும் அவளுடைய துணிகள் ஒரு மூட்டையாகக் கட்டப்பட்டுக் கட்டிலடியில் உட்கார்ந்துகொண்டன. நான் பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் மாடி ஏறி, குனிந்து, மூட்டை இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் சித்தியும் இருப்பாள். 

அந்தச் சொல்தான் அவளைப் புண்படுத்திவிட்டது என்று வீடே முடிவுகட்டியது. அடுத்த ஞாயிறு சபையில் வேறு பேச்சே இல்லை. சித்தப்பா அசலின் கட்சி. ஒரு பொருளைக் காப்பாற்றுகிறவன் அதன் அழகை மட்டும் காப்பாற்றக் கூடாது, எழுதினவன் எழுதினபடியே இருக்க வேண்டும் என்றார். என்னையும்தான் ஊர் ‘சா’ என்கிறது, நான் என்ன தேய்ந்தா போய்விட்டேன் என்றும் கேட்டார். உண்மைதான். சைகோனில் இந்தியர்கள் எல்லோருக்குமே ‘ஏழாம் அண்ணன்’ என்றுதான் பெயர். எங்கள் சித்தப்பா வீட்டுக்கு இரண்டாம் பிள்ளை என்பது பற்றி யாருக்கும் கவலையில்லை. கோபம் வந்தால் மட்டும் அதோடு, கறுத்த அந்நியர்களை இளக்காரமாகச் சொல்லும் ‘சா’ என்று ஒரு வால் சேரும்.

முசேதான் அந்தச் சொல்லை அழித்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அது பாசறையில் எல்லோரும் விளையாட்டாகச் சொல்லும் வார்த்தை, யார் மனதிலும் விஷமில்லை, இப்போது பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். விஷமில்லாததை எதற்கு அழிக்க வேண்டும் என்று ஓவிய வாத்தியார் மெதுவாகக் கேட்டார். அது தங்கள் சொல், தங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போய் என்ன செய்தார்கள் என்பதற்கு இந்தத் தகடு ஒன்றாவது சாட்சியாக இருக்கட்டும் என்பது அவர் கட்சி. முசேயின் முகம் சிவந்துவிட்டது. எழுத்து தூரிகையால் எழுதியதா, அச்சுத் தகடு வைத்து அடித்ததா என்றுகூட ஒரு கிளை விவாதம் நடந்தது. சொல்லைப் பற்றி மூன்று பேரும் பேசித் தீர்த்தார்கள். தொப்பிகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

கீழே அம்மாவும் அத்தையும் சித்தப்பாவைக் கரித்துக் கொட்டினார்கள். பெண்டாட்டியை இப்படியா அவமானப்படுத்துவது என்று நியாயம் பேசிய அதே அத்தை, சித்தி இல்லாத நேரத்தில் அவளை ‘மூக்கில்லாதவள்’ என்றுதான் குறிப்பிடுவார். எங்கள் வீட்டுச் சொல் எந்தத் தகட்டிலும் எழுதப்படாததால் அதைப் பற்றி விவாதம் எழவில்லை.

கடைசியில் சித்தப்பா இறங்கிவந்தார். முசே தன் கையாலேயே சாம்பல் நிற வண்ணம் பூசிச் சொல்லை மறைத்தார். தொப்பிகளையும் சேர்த்துப் பூசிவிடலாம் என்று ஆரம்பித்தவரைச் சித்தப்பா தடுத்துவிட்டார். அவை வெறும் படம், யாரையும் ஒன்றும் சொல்லவில்லையே என்றார். சொல் போய்விட்டது என்று சித்தியிடம் ஓடிப்போய்ச் சொன்னது நான்தான். அவள் தலையசைத்தாள். மூட்டை அப்படியே இருந்தது.

அடைமழை பிடித்துக்கொண்டது. மழை விட்டு வெயில் வரும்போதெல்லாம் தகட்டிலிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம் வரும், யாரோ விரலைச் சொடக்கெடுப்பது போல. கூடத்தில் ஆள் இல்லாதபோது அது அதிகமாகக் கேட்டது என்று எனக்கு ஒரு எண்ணம். சில நாட்களில் சாம்பல் வண்ணத்துக்கு மேல் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலில் நடு எழுத்து. பிறகு அதன் இருபுறமும். முசே மறுபடி பூசினார். அவை மறுபடி வந்தன. ஈரத்தில் பழைய வண்ணம் மேலேறும் என்று முசே விளக்கினார். விளக்கும்போது அவர் தகட்டைப் பார்க்கவில்லை. அத்தை அதன் நான்கு மூலையிலும் மாரியம்மன் கோயில் விபூதியைப் பூசிவிட்டுப் போனார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாடிக்கூடத்தைத் தாண்டும்போது சுவரோரமாகவே போவேன்.

வியட்நாம்காரர்களின் ஏழாம் மாதப் பௌர்ணமி வந்தது. அன்றைக்குக் கொடுக்க ஆளில்லாத ஆவிகளுக்கு ஊரே கஞ்சி வார்க்கும். வீட்டு வாசலில், நடைபாதையில், நீர்த்த கஞ்சியும் உப்பும் பொரியும் கரும்புத் துண்டும் பரப்பி ஊதுபத்தி கொளுத்துவார்கள். யாரென்று தெரியாதவர்கள்தானே, பெயர் சொல்லி அழைக்க முடியாது. அதனால் ‘கோ பாக்’ என்று அழைப்பார்கள். நம் முறையில் சொன்னால், அத்தைமாரே, பெரியப்பாமாரே. ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் தெருப் பிள்ளைகள் பாய்ந்து எல்லாவற்றையும் பறித்துக்கொள்ள வேண்டும். பறிக்க ஆள் வராவிட்டால்தான் வீட்டுக்காரர்களுக்குக் கவலை. வந்தவர்கள் வயிறு நிறைந்து போகவில்லை என்று அர்த்தம். பறிப்பதில் நான் கெட்டிக்காரி.

அன்று பள்ளி விட்டு வந்தபோது எங்கள் வாசல் காலியாக இருந்தது. அம்மாவும் அத்தையும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மாடியிலிருந்து ஊதுபத்தி வாசனை வந்தது. ஏறிப் போனேன். சித்தி மாடிக்கூடத்தில், தகட்டின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தொப்பிக்கும் நேர் கீழே ஒரு கிண்ணம் கஞ்சி. வெளியே மழை, ஜன்னல் சாத்தியிருந்தது. புகை எங்கும் போகாமல் கிண்ணங்களின் மேலேயே நின்றது. அத்தைமாரே, பெரியப்பாமாரே என்று அவள் தன் மொழியில் தாழ்ந்த குரலில் அழைத்துக்கொண்டிருந்தாள், பந்தியில் ஆட்களை உட்கார்த்திவைப்பது போல ஒவ்வொரு கிண்ணமாகக் கை காட்டி.

கடைசித் தொப்பிக்குக் கீழே இருந்தது சேவல் படம் போட்ட என்னுடைய கிண்ணம்.

நான் மட்டும் சாப்பிடுகிற கிண்ணம் அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பயம் போன இடம் தெரியவில்லை. பறிக்கிற நாள்தானே என்று பாய்ந்து போய் என் கிண்ணத்தை எடுத்து, அங்கேயே தகட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்தேன். தகடு ஐஸாக இருந்தது. விசேஷ வீட்டுப் பந்தியில் பெரியவர்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி, என் பக்கத்தில் இடமே இல்லாதது போல இருந்தது. நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

சித்தி திட்டவில்லை. வெகுநேரம் என்னையே பார்த்தாள். பிறகு கொண்டையிலிருந்து அலுமினியச் சீப்பை எடுத்து, நெருங்கி வந்து என் ஈரத் தலையை வாரத் தொடங்கினாள். “மெல்லச் சாப்பிடு, ஊத். சுடும்” என்றாள் வியட்நாமிய மொழியில். அவள் என்னை எப்போதும் பாப்பா என்றுதான் அழைப்பாள். ஊத் என்றது அதுதான் முதல் தடவை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, முகம் சிரித்தது.

அப்போது சித்தப்பாவும் முசேயும் மாடி ஏறி வந்தார்கள். முசே படியிலேயே நின்றுவிட்டார். கிண்ணங்களைப் பார்த்தார், தொப்பிகளைப் பார்த்தார், குட்டித் தொப்பிக்குக் கீழே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் தவழ்ந்த காலத்திலிருந்து என்னை அறிந்த மனிதர், “இவளுக்கு என்ன வயது?” என்று சித்தப்பாவைக் கேட்டார். ஏழு என்றார் சித்தப்பா. முசே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கியே இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கப்பலேறிவிட்டதாகக் கொஞ்ச நாள் கழித்து வாத்தியார் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது அவருக்கு அருவருப்பாகிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா தொப்பிகளையும் கிண்ணங்களையும் எண்ணிப் பார்த்தார். பிறகு, அண்டா குண்டான் அடிக்கிறவனிடம் நாளைக்கே தகட்டைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அவர் எதையும் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

“வேணாம்” என்றாள் சித்தி. “அப்புறம் அவங்க எங்க போவாங்க?”

அன்றே மூட்டையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள். தகடு அவளுடைய அறைக்குப் போயிற்று. பௌர்ணமிதோறும் அதன் முன்னால் கிண்ணங்கள் வரிசையாக நின்றன. சித்தி போகவில்லை, எனக்கு அது போதும். சேவல் கிண்ணத்தைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டேன். அதில் வைத்ததை நான் சாப்பிட வேண்டும் என்பது மட்டும் ஏற்பாடு.

எல்லாம் முடிந்து காரைக்காலுக்கு வந்து பல வருடங்கள் கழித்து, சித்தியும் போய்ச் சேர்ந்த பிறகு, சித்தப்பா எனக்கு மீதியைச் சொன்னார். நாற்று நடுகிற நாளில் ஒரு விமானம் தாழப் பறந்து வந்தது. வயலில் இருந்தவர்கள் எல்லோரும் சித்தியின் ஆட்கள். கடைசியாக நின்றது தங்கை, அக்காவின் தொப்பியை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு விளையாட்டாக வரப்பில் நின்றவள், ஏழு வயது. அந்த விமானம்தான் இது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று சித்தப்பா ஒருநாள் கேட்டாராம். தெரியாது, யாருடைய ஆட்களோ, யாரென்று தெரியாதவர்களுக்குத்தானே கஞ்சி என்றாளாம் சித்தி.

ஊத் என்றால் கடைக்குட்டி. செல்லப் பெயர் என்று நினைத்து, அன்று முதல் நான் அதற்குப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தி நேரத்தில் மாடியிலிருந்து சித்தி “ஊத்!” என்று கூப்பிடுவாள். தெருவில் எந்த விளையாட்டில் இருந்தாலும் விட்டுவிட்டு, “இதோ வந்துட்டேன் அக்கா” என்று அவள் மொழியில் குரல் கொடுத்துக்கொண்டே நான் படியேறி ஓடுவேன். சித்தியை அக்கா என்கிறேன் என்று வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.