மடையானும் மில்லிமீட்டரும்

குருமூர்த்தி ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் வரைபடக்காரர். பதினெட்டு ஆண்டுகளில் அவர் வரைந்த போல்ட்டும் புஷ்ஷும் யாவும் இயந்திரங்களின் வயிற்றுக்குள் போய் மறைந்தன. அவற்றை யார் நின்று பார்க்கப் போகிறார்கள்? ஆகவே, ஞாயிறுதோறும் ஏரிக்கரையில் கூடும் பறவை பார்ப்போர் குழுவுக்கு ஒரு லோகோ வேண்டுமென்று இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுத் தை மாதத்தில் பேச்செழுந்தபோது, மற்றவர் வாய் திறக்குமுன் அவர் கை உயர்ந்தது. நாலு பேர் கண்ணில் படும்படி ஒன்றையேனும் வரைந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

காம்பஸும் ஸ்கேலும் கொண்டு மீன்கொத்தி ஒன்றை வரைந்தார். நீலத்தில் மூன்று, செம்மையில் இரண்டு, இறகுக்கு இறகு கணக்கு. குழுவே வியந்தது. ஆனால் நகராட்சிக்கு எழுதும் கடிதத்தில் குத்த ரப்பர் ஸ்டாம்பு தேவைப்பட்டது. ஐந்து நிறமும் ஒரே ஊதா மையாகி, எட்டணா அளவுக்குச் சுருங்கியபின் தாளில் விழுந்தது வெறுங்கறை.

குழுத்தலைவர் வெங்கடசாமி தெலுங்கு பேசும் பாகலூர்க்காரர். அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மூர்த்தி காரு, பறவ பறந்து போயிடுச்சு. மை மட்டும் உக்காந்திருக்குது."

வரும் ஞாயிறு பறவைக் கணக்கெடுப்பு. அன்றே கடிதம் போயாக வேண்டும். வெள்ளிக்குள் வேறு படம் வராவிட்டால் இன்டர்நெட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார். குருமூர்த்தி மேலும் நான்கு வரைந்தார். நான்கும் கறைகளே.

வியாழன் மாலை, மனைவி மணிமேகலை அவரை வலிய ஏரிக்கு அழைத்துப் போனாள். சேற்றோரம் நடந்தவள் காலடியில், அதுவரை மண்கட்டியாய்க் கிடந்தது திடீரெனச் சிறகு விரித்தது. மடையான் கொக்கு! பாலைக் கொட்டினாற்போல் வெண்மை.

"ஏங்க, இத்தன வெள்ளைய இது எங்க ஒளிச்சு வெச்சிருந்துது?"

குருமூர்த்தி சட்டைப்பையில் பென்சிலைத் தேடினார். பொருள் இருக்குமிடத்தில் மையிடுவதே அதுவரை அவர் அறிந்த தொழில். அன்று வீடு திரும்பியதும் நீரை மட்டும் நெருங்கிய கோடுகளால் நிரப்பி, பறவைக்குத் தாளின் வெண்மையையே விட்டுவைத்தார்.

ஞாயிறு காலை ஸ்டாம்பு வந்தது. வெங்கடசாமி கடிதத்தில் குத்த, ஊதா நீரினின்று வெள்ளை மடையான் எழுந்தது. அதனடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'அளவுகள் மி.மீ.' தொழிற்சாலைப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. ஸ்டாம்புக்காரர் அதையும் பக்தியோடு செதுக்கியிருந்தார். குருமூர்த்திக்கு முகம் வெளிறிப் போயிற்று. பிளேடால் அறுத்துவிடலாமா என்று தயங்கிக் கேட்டார்.

"இருக்கட்டும் விடுங்க. கணக்குல கறாரான ஆளுங்கன்னு நகராட்சியில கொஞ்சம் பயப்படுவாங்க."

வெங்கடசாமி தம் நோட்டில் ஒன்று குத்தினார். பிறகு குருமூர்த்தியின் இடது புறங்கையைப் பற்றி இழுத்து, அதன்மேலும் ஒன்று.

மறுநாள் மதியம் தொழிற்சாலைக் குழாயடியில் குருமூர்த்தி வலக்கையை மட்டுமே கழுவினார். என்ன பறவையென்று நாலு பேர் கேட்டார்கள். ஐந்தாமவர் கேட்குமுன்னரே அவர் கையை நீட்டினார்.