ஒரே சென்டருக்கு இரண்டு கோச்சுகள்

காலை ஆறு மணிக்கு இணைய விளையாட்டில் ஒரு சுற்று முடிந்து பட்டியல் மாறும். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்க, விஜயராணி போனைத் திறந்தாள். டேரன் வாக் என்ற பையனின் பெயருக்குக் கீழே, அவனைக் கேட்கிற கல்லூரிகளின் வரிசை இருந்தது. நேற்றுவரை அவளுடைய கல்லூரிதான் முதலிடம். இன்று இரண்டாவது. முதலிடத்தில் தோழி செல்வகுமாரியின் கல்லூரி.

விஜயராணிக்கு முப்பத்தாறு வயது. குருவிநத்தத்தில் வீடு, வில்லியனூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. பள்ளியில் கூடைப்பந்து ஆடியவள். பதினேழு வயதில் முழங்கால் சவ்வு கிழிந்ததோடு ஆட்டம் நின்றது. நான்கு வருடத்துக்கு முன் இணையத்தில் இந்த விளையாட்டு கண்ணில் பட்டது. அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றுக்கு நாம் கோச். கல்லூரியும் கற்பனை, ஆடுகிற பையன்களும் கற்பனை. ஆனால் மற்ற அணிகளின் கோச்சுகள் உலகத்தின் ஏதோ மூலையில் இருக்கிற நிஜ மனிதர்கள். படிப்பு முடித்துப் போகிறவர்களின் இடத்துக்குப் பள்ளிகளிலிருந்து புது ஆள் பிடிக்க வேண்டும். கடிதம் போட, போனில் பேச, வீட்டுக்குப் போய்ப் பார்க்க, எல்லாவற்றுக்கும் கையிலிருக்கும் பாயின்ட் குறையும். யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. வரிசை மட்டும்தான் தெரியும்.

எல்லோரும் துரத்துகிற ஆளை விஜயராணி துரத்த மாட்டாள். கல்லூரிக்குப் பக்கத்து ஊர்களில், இன்றைக்குச் சுமாராக ஆடினாலும் வளரக்கூடியவனாகப் பார்த்து எடுப்பாள். பக்கத்து ஊர் என்றால் போய்ப் பார்க்கப் பாயின்ட்டும் குறைவு. அப்படித்தான் கடைசியில் கிடந்த அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுவந்தாள். போன சீசனில் அங்கே ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றாள். சென்டர் என்று கூடைக்கடியில் நிற்கிற உயரமான ஆள் சரியாக இல்லை. அது மனதை விட்டுப் போகவே இல்லை. இந்த முறை ஆறடி பதினோரங்குல டேரனை விடுவதில்லை என்று இறங்கியிருந்தாள்.

செல்வகுமாரி அவளோடு பள்ளி அணியில் ஆடியவள். இப்போது அரியூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். இந்த விளையாட்டை அவளுக்குக் காட்டியதே விஜயராணிதான். ஒரே லீக். நேரில் பழக்கமுள்ள கோச்சுகள் ஆள் பிடிப்பதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்பது விதி. மீறினால் லீக்கை விட்டே நீக்கிவிடுவார்கள். ஆனால் இருவருக்கும் தினமும் ஒரே பஸ். பாகூரில் ஏறும் செல்வகுமாரிக்கு விஜயராணி பையை வைத்து இடம் பிடித்திருப்பாள்.

அன்று இருவரும் வில்லியனூர்வரை வாய் திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே.

"இல்லாத ஒரு பையனுக்காவ கூடப் படிச்சவ மூஞ்சியப் பாக்காம வரியா?" என்று கேட்டான் அவள் கணவன் மணவாளன்.

"பாத்தா பேச்சு வந்துடும்" என்றாள்.

இன்னும் இரண்டு சுற்று. அவளிடம் நாற்பத்தாறு பாயின்ட். எல்லாவற்றையும் டேரன்மேல் போட்டும் கிடைக்காவிட்டால் அணியில் அந்த இடம் வருடம் முழுக்கக் காலி. பாதியைப் போட்டால் போதுமா? தெரியாது.

மூன்றாம் நாள் பஸ் கரிக்கலாம்பாக்கம் தாண்டியது. செல்வகுமாரி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "ராவெல்லாம் தூக்கமே இல்லடி. என் கையில ஒரு பாயின்ட்டுகூட..."

"ஏய், சொல்லாத!"

"...இல்ல."

செல்வகுமாரியால் இனி மேலே ஒன்றும் போட முடியாது என்று விஜயராணிக்குப் புரிந்தது. இனி இருபது போட்டாலே டேரன் அவளுக்கு. இந்தப் பேச்சு தெரிந்தது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும். செல்வகுமாரி வெளியே சொல்லப் போவதில்லை.

அன்று மத்தியானம் ஸ்கேன் சென்டரில் ஒருவரின் வலது கைக்குப் பதில் இடது கையைப் படமெடுத்துத் திட்டு வாங்கினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். போனை எடுத்து டேரன் பெயரில் இருபது என்று அடித்தாள், அழித்தாள். கடைசியில் லீக்கை நடத்துகிறவருக்கு நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் அது உறைத்தது. நீக்கினால் இரண்டு பேரையும் நீக்குவார்கள்.

சாயங்காலம் பதில் வந்தது. நீக்கவில்லை. செல்வகுமாரிக்கு ஓர் எச்சரிக்கை. விஜயராணி டேரனை விட்டு விலக வேண்டும்.

அடுத்த நிமிடமே செல்வகுமாரி போன் செய்தாள். "இன்னாடி பண்ணி வச்சிருக்க? வாய் தவறி வந்ததப் போயி எழுதிக் குடுப்பியா?"

"கேட்டுட்டனே. கேட்டுட்டு எப்டி ஆடறது?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எழுதினா இன்னா?" செல்வகுமாரி போனை வைத்துவிட்டாள்.

கடைசிச் சுற்றுக்கு முன் விஜயராணி, யாரும் கேட்காத பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கல்லூரியிலிருந்து நாற்பது மைலில் ஒரு பையன். ஆறடி ஏழங்குலம், துள்ளல் குறைவு, ஆனால் கூடையில் பட்டுத் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பதில் கெட்டி. நாற்பத்தாறையும் அவன்மேல் போட்டாள். காலையில் அவன் அவளுடைய அணியில் இருந்தான். டேரனை, விஜயராணி விலகிய இடத்தைப் பார்த்து நுழைந்த மூன்றாவது கோச் ஒருவர், பாயின்ட் தீர்ந்த செல்வகுமாரியை முந்தித் தட்டிக்கொண்டு போயிருந்தார்.

ஒன்பது நாள் செல்வகுமாரி பஸ்ஸில் முன்பக்கம் நின்றே வந்தாள். விஜயராணியும் கூப்பிடவில்லை. செய்தது சரி என்றுதான் நினைத்தாள். ஆனாலும் போனில் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள் செல்வகுமாரி நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானா இருந்தா எழுதியிருக்க மாட்டேன்டி. கமுக்கமா இருந்திருப்பேன்."

"ஒங்கிட்ட சொல்லிட்டு எழுதியிருக்கணும். அது என் தப்பு."

"ஆமா, தப்புதான்." பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நான் வேற லீக்குக்கு மாறிட்டேன். கடைசி நெலையில கெடக்கற டீமு. ஒருத்தனுக்கும் ஒழுங்கா பந்து போடத் தெரியல."

"ஏன்டி மாறின?"

"ஒரே லீக்குல இருந்துக்கிட்டு பேசாம வர முடியலடி." அவள் போனைத் திறந்து நீட்டினாள். "இவன எடுக்கட்டுமா வேணாமா, பாத்து சொல்லு."