அறுபது பலம் உல்லன்

அருளம்மாள் டீச்சர் யாரையும் லேசில் நம்பியதில்லை. பால்காரர் செம்பைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் பால் வாங்குவாள். தீப்பெட்டி வாங்கினால் குச்சிகளை எண்ணுவாள். டிக்கெட் கிழித்துக் கொடுத்த பஸ் கண்டக்டரிடம், "இது நேத்துக் கிழிச்சது இல்லையே?" என்று கேட்டவள். ஆவூர்ப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் அவளிடம் மூன்றாம் வகுப்புப் படித்த பிள்ளைகள் பொய் சொல்லவே மாட்டார்கள். உண்மையைச் சொன்னாலே நம்பாத டீச்சரிடம் பொய்யைச் சொல்லி என்ன பிரயோசனம்?

அப்படிப்பட்டவள் மனசு விட்டுச் சிரிப்பது ஒரே இடத்தில்தான். கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, அதற்குள் இருக்கும் உல்லன் உருண்டைகளைப் பார்க்கிறபோது. கன்னியர் மடத்தில் படித்த காலத்திலேயே ஸ்வெட்டர் பின்னவும் கொக்கி ஊசியால் லேஸ் போடவும் கற்றுக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்கள், டீச்சர் பின்னுவதற்காக நூல் சேர்க்கிறாள் என்று நினைத்தார்கள். அது பாதிதான் நிஜம். வருஷத்துக்கு இரண்டு குழந்தைக் குல்லா பின்னினால் அதிகம். சேர்ப்பதில்தான் அவளுக்கு ருசி. நாவல்பழ நிறத்தில் ஒரு உருண்டை இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அடி விழாது.

அந்த வெயில் ஊரில் உல்லன் எங்கே கிடைத்தது என்று கேட்கலாம். ஐம்பதுகளில் ஏழைகளுக்கென்று மாதா கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்து துணி மூட்டைகள் வரும். அனுப்பிய மகராசர்கள் எந்தக் குளிரை நினைத்து அனுப்பினார்களோ, பிரித்தால் பாதிக்கு மேல் கம்பளிச் சட்டை. வாங்கிப் போனவர்கள் அதைக் கன்றுக்குட்டிக்குப் போர்த்தினார்கள், தலைக்கு வைத்துப் படுத்தார்கள். அருளம்மாள் வீடு வீடாகப் போய்ப் பழைய சேலையைக் கொடுத்து அதை வாங்கி வருவாள். ஒருமுறை குன்றாண்டார்கோவில் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது, கம்புக் கொல்லையில் குருவி விரட்டும் பொம்மை ஒன்று கிளிப்பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தாள். மறுநாள் அந்தக் கொல்லைக்காரர் வெள்ளைச்சாமியிடம் புருஷனுடைய சட்டையைக் கொடுத்துவிட்டு ஸ்வெட்டரோடு வீடு சேர்ந்தாள். புருஷன் இன்னாசி இரண்டு மாதம் சலவைக்காரரிடம் அந்தச் சட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அருளம்மாள் வாயைத் திறக்கவில்லை.

கழுத்துத் தையலில் நுனியைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், இழுக்க இழுக்க முழு ஸ்வெட்டரும் நூலாக ஓடி வந்துவிடும். அதைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, நெளிவு போகக் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். பிறகு உருண்டை பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சிட்டத்தை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு உட்கார, மற்றவர் சுற்ற வேண்டும். கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நாத்தனார் அற்புதமேரி. காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளையும் இல்லாமல் அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. நூல் ஓடுகிற பக்கமெல்லாம் கையை வளைத்துக் கொடுப்பாள். அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஊர்க் கதையெல்லாம் பேசுவார்கள். அந்த வீட்டில் அருளம்மாள் சந்தேகமில்லாமல் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் விடாமல் அடைமழை. பள்ளிக்கூடம் லீவு. அருளம்மாள் சும்மா இருக்கமாட்டாமல், பக்கத்து வீட்டில் புளி வியாபாரம் செய்யும் முனியாயியிடம் தராசும் எடைக்கல்லும் இரவல் வாங்கி வந்து உல்லனை நிறுத்துப் பார்த்தாள். நாற்பத்திரண்டு உருண்டை, சரியாக அறுபது பலம். இன்றைய கணக்கில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பெருமை தாங்கவில்லை.

அடுத்த சித்திரையில், பாஸ்கா என்கிற ஈஸ்டர் திருநாள் கழிந்த வாரம், பூச்சி விழாமல் இருக்க உல்லனையெல்லாம் பாயில் பரப்பி மூன்று நாள் வெயிலில் போட்டாள். எடுத்து வைக்கும்போது ஆசைக்கு மறுபடியும் நிறுத்தாள். ஐம்பத்து நாலு பலம்.

உருண்டைகளை எண்ணினாள். நாற்பத்திரண்டும் இருந்தது. திரும்ப நிறுத்தாள். ஐம்பத்து நாலுதான். ஆறு பலம் எங்கே போயிற்று? உருண்டையை எடுத்தால் தெரிந்துபோகும் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உருவியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதுதான் தாமதம், அது நிச்சயமாகிவிட்டது. இப்படி நுணுக்கமாகத் திருட நூல் தெரிந்த கையால்தான் முடியும். இன்னாசிக்கு நூலுக்கும் கயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. மிச்சம் இருந்தது ஒருத்திதான்.

அன்றிலிருந்து அவள் கண் நாத்தனார் முதுகிலேயே இருந்தது. பெட்டி மூடியில் தலைமுடி ஒன்றை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். முடி அப்படியே இருந்தது. எவ்வளவு சூட்சுமக்காரி, முடியைக்கூடத் திருப்பி வைத்திருக்கிறாளே என்று நினைத்தாள். அற்புதம் குளிக்கக் குளத்துக்குப் போயிருந்தபோது அவளுடைய துணி மூட்டையை அவிழ்த்தாள். இரண்டு சேலை, ஒரு ஜெபமாலை. அறுந்துபோன ஜெபமாலையை ஒரு சிவப்பு உல்லன் துண்டு சேர்த்துக் கட்டியிருந்தது. விரல் நீளம் இருக்கும்.

ஈரச் சேலையோடு வந்து நின்ற அற்புதத்திடம் அதைத் தூக்கிக் காட்டினாள்.

"இது ஏது?"

"நீங்க கூட்டித் தள்ளுனது அண்ணி. குப்பையிலேருந்து எடுத்தேன்."

"குப்பையில இவ்வளவுதான் கெடந்துச்சா? ஆறு பலமும் கெடந்துச்சா?"

அற்புதத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் செத்துப்போயிற்று. "மாதா சத்தியமா நான் எடுக்கல அண்ணி" என்றாள். குற்றமில்லாதவள் எதற்குச் சத்தியம் பண்ண வேண்டும் என்று அருளம்மாளுக்கு அதிலும் ஒரு சந்தேகம்.

அந்த வாரம்தான் மடத்து மதர் அருளம்மாளைக் கூப்பிட்டுவிட்டார். பிள்ளைகள் போர்டிங்குக்குச் சமையலுக்கு ஆள் வேண்டும், சாப்பாடும் தங்க அறையும் உண்டு, அற்புதமேரி கேட்டிருக்கிறாள். அண்ணன் சோற்றைத் தின்கிறோமே என்று குறுகிக் கிடந்தவள் ஒரு வருஷமாகக் காத்திருந்த வேலை அது.

"ஒங்க நாத்தனார்தானே டீச்சர். கை சுத்தமா இருப்பாங்களா?"

அருளம்மாள் தரையைப் பார்த்தாள். "எதுக்கும் வேற ஆளைப் பாருங்க மதர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

இரண்டு நாளில் அற்புதம் மூட்டையைக் கட்டிக்கொண்டு, செத்துப்போன புருஷனுடைய ஊரான கந்தர்வக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். இன்னாசி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனார். திரும்பி வந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. அருளம்மாள் பெட்டிக்குப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டாள். திருட்டைப் பிடித்துவிட்டோம் என்ற நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உருண்டை ஒன்றைப் பிரித்து அலசி, சிட்டத்தை நாற்காலிக் காலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தாள், சிக்கல்தான் விழுந்தது. அந்த வருஷம் புது நூலே சேர்க்கவில்லை.

மறுபடி ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. இன்னும் எவ்வளவு குறைந்திருக்கிறதோ பார்ப்போம் என்று தராசைத் தூக்கினாள். அறுபது பலம்.

அருளம்மாள் திரும்ப நிறுத்தாள், அதே அறுபது. பூட்டு பூட்டினபடிதான் இருந்தது. சாவி கழுத்தில். அற்புதம் போய் ஆறு மாதம். எடுத்தவள் எப்படித் திருப்பி வைத்தாள்? அப்போதும் புத்தி சந்தேகத்தின் வழியாகத்தான் போயிற்று. நேரே முனியாயி வீட்டுக்குப் போய் எடைக்கல்லை அவள் முன்னால் வைத்தாள்.

"ஒன் கல்லு சரியில்ல முனியாயி. சித்திரையில ஒண்ணு காட்டுது, இப்ப ஒண்ணு காட்டுது."

முனியாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க ஆத்தா காலத்துக் கல்லுங்க டீச்சர். இதுவரைக்கும் ஒருத்தரும் இப்புடிக் கேட்டதில்ல. அப்புடி எதை நிறுத்தீங்க?"

"உல்லன்."

"அது என்ன, ஆட்டு மசுருதானே? மழைக்குப் புளியே ஈரத்தைக் குடிச்சுக் கனத்துப் போகுது, மசுரு குடிக்காதா? வெயில்ல காஞ்சா குறையத்தான் செய்யும். நான் அதுக்கு ஆரையாச்சும் புடிச்சுக் களவாணிங்குறேனா?"

அருளம்மாள் அந்த ஈர வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள், புளிக்காரிக்குத் தெரிந்தது தெரியாமல் ஒருத்தியின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாள். அன்றைக்கே மடத்துக்கு ஓடி மதரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மதர் பொறுமையாகக் கேட்டார். போர்டிங்குக்கு வேறு ஒருத்தி வந்து ஐந்து மாதமாகிவிட்டது என்றார்.

மறுநாள் கந்தர்வக்கோட்டைக்குப் போனாள். அற்புதம் ஒரு முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. அண்ணியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "வாங்க" என்றாள். பழைய மரியாதை குறையவில்லை.

அருளம்மாள் அழுதுவிட்டாள். "ஆரும் எடுக்கல அற்புதம். வெயில்ல காஞ்சு எடை குறைஞ்சிருக்கு, மழைக்குத் திரும்ப ஏறிருச்சு. காத்துதான் எடுத்திருக்கு, காத்துதான் குடுத்திருக்கு. எனக்கு இப்பதான் தெரிஞ்சுச்சு. வீட்டுக்கு வாத்தா."

அற்புதம் கறுத்த விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"காத்துன்னு இப்பத் தெரிஞ்சுச்சு, சரி. காத்துன்னு தெரியாதப்ப, நான்தான்னு மட்டும் ஒங்களுக்கு எப்புடி அண்ணி தெரிஞ்சுச்சு?"

அருளம்மாளுக்கு அதற்கான விடை தெரியும். அந்த வீட்டில் போக்கிடம் இல்லாதவளாக இருந்தது அற்புதம் ஒருத்திதான்.