காலியாக இருந்த கட்டம்

மலேசியாவின் போர்ட் கிள்ளான் பிளாட்டில், எட்டாவது மாதத்தில், என் மதியங்கள் கனவாகவே கழிந்தன. திரைச்சீலை ஆடும்; துறைமுகத்தில் கப்பல் ஊதும்; நானும் வயிற்றிலிருந்தவளும் எங்கோ மிதந்துகொண்டிருப்போம்.

குழந்தை உதைப்பதைத் தினமும் எண்ணிக் குறிக்கக் கிளினிக்கில் ஓர் அட்டவணை கொடுத்திருந்தார்கள். பத்து உதை வராவிட்டால் உடனே வரவேண்டும். எனக்கோ சோம்பல். கிளினிக் போவதற்கு முதல்நாள் எல்லாக் கட்டங்களிலும் மொத்தமாகப் ‘பத்து’ என்று எழுதிவிடுவேன்.

வளைகாப்புக்கு மறுநாள், அடுத்த நாள் கிளினிக் என்பதால் அன்றைய கட்டம் தவிர மற்றதிலெல்லாம் ‘பத்து’ எழுதிவிட்டு, கண்ணாடி வளையல்களைக் குலுக்கியபடி படுத்திருந்தேன். அந்தச் சத்தம் குழந்தைக்குக் கேட்குமாம். வயிறு அசையவேயில்லை. கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டது என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு மேரி அக்கா, வளைகாப்பு விருந்துக்கு இரவல் தந்த சட்டியைத் திரும்ப வாங்க வந்தார். அவர் கிளினிக்கில் மிட்வைஃப். மேசையிலிருந்த அட்டவணையைப் பார்த்தார்.

“எல்லா நாளும் பத்தேவா? இன்னிக்கு எத்தனை? சொல்லு லா.”

“தூங்குது போலக்கா. நேத்து ராத்திரியிலருந்தே...”

“தூங்கட்டும்னு விடுற விஷயமா இது? செருப்பப் போடு, ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

வளையல்களைக் கழற்றக்கூட நேரமில்லாமல் அறுவை சிகிச்சை நடந்தது. மகள் அழ எடுத்துக்கொண்ட அந்தச் சில நொடிகளில்தான் நான் முழுதாக விழித்தேன்.

இப்போது எங்கள் பிளாட்டின் கர்ப்பிணிகள் மதியத்தில் என் வீட்டில் கூடுகிறார்கள். கதை பேசிக்கொண்டே உதைகளை எண்ணுகிறோம். புதிதாக வருபவர்களுக்கு முதலில் என் பழைய அட்டவணையைக் காட்டுவேன். அதில் நான் எழுதியதெல்லாம் பொய். அன்றைய காலிக் கட்டம் மட்டுமே உண்மை.