சிவப்புப் பொத்தான்

மாமாவுக்குக் கல்யாணம் பேசியபோது என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. கேட்டிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் தம்பி என்று ஊர் சொன்னாலும் அவர் என்னுடைய மாமா. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மேல் அறையில் முப்பத்தொன்பது வயதுவரை தனியாக இருந்தவர். சனிக்கிழமைகளில் அவருக்கு நான் இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது.

மாமா அலுவலகத்தின் துப்பாக்கி சுடும் அணியில் இருந்தார். கைத்துப்பாக்கி கிளப்பிலேயே பூட்டிக் கிடக்கும். சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகள் மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் வீட்டுக்கு வரும். அவற்றுக்குள் மறுபடி மருந்து போட்டு, ஈயக் குண்டை வைத்து அழுத்தி, மாமா புதுத் தோட்டாக்களாக்குவார். அதற்கு மூன்று மொழியிலும் எழுதிய அனுமதிக் கடிதம் இருந்தது. அதைச் சட்டம் போட்டு, கூடத்தில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தார். சண்டை முடிந்து சோதனைச் சாவடிகளை எடுத்திருந்த காலம் அது. ஆனாலும் அம்மாவுக்குப் பயம் போகவில்லை.

"தமிழாக்கள் வீட்டில வெடிமருந்து. இதைவிடப் பைத்தியம் வேற இருக்கா, தம்பி?" என்பார். ஒருமுறை பொலிஸ்காரர் ஒருவர் வந்து கடிதத்தை வாசித்தார். மேலே இருந்த இயேசுவையும் ஒருதரம் பார்த்தார். தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

என் வேலை டோர்ச் பிடிப்பது. கூடத்து மேசையில், ஐம்பது குழி உள்ள ஒரு மரக்கட்டையில் கோதுகள் வாயைத் திறந்தபடி வரிசையாக நிற்கும். மாமா ஒன்றுக்குள் மருந்து போடுவார். நான் டோர்ச் அடித்து உள்ளே பார்த்து "இருக்கு" என்பேன். நான் சொல்லாமல் அவர் அடுத்ததைத் தொடமாட்டார். கிட்டப் பார்க்கிற கண் அவருக்குப் போய்விட்டது. ஐம்பதும் முடிந்த பிறகுதான் குண்டு வைப்பது. மருந்து இல்லாத தோட்டாவைச் சுட்டால் குண்டு வெளியே போகாது என்று ஒருநாள் விளக்கினார். அதற்கு மேலும் ஏதோ சொன்னார். நான் ஜன்னலால் ஐஸ்கிறீம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி ஹெந்தளையிலிருந்து வந்தார். பார்மசியில் வேலை. வந்த இரண்டாவது சனிக்கிழமையே டோர்ச் அவர் கைக்குப் போய்விட்டது. மாமா கொடுத்தாரா, அவராகவே எடுத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குக் கிடைத்தது கோது துடைக்கும் துணி. மேசையின் ஓரத்தில் இருந்து துடைத்துக்கொண்டே அந்த இரண்டு தலைகளும் கட்டையின் மேல் ஒட்டிக் குனிவதைப் பார்ப்பேன். வயிறு எரியும். வாயால் மாமி என்று அழைத்தாலும் மனதுக்குள் "அவ" என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

போதாததற்கு அவர் ஒரு சிவப்புப் பொத்தானும் கொண்டுவந்தார். அடுத்து மருந்து போடவேண்டிய கோதின் வாயில் அதை மூடிபோல வைப்பார். நடுவில் யாராவது கூப்பிட்டு எழும்பினாலும் விட்ட இடம் தெரியும். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா அக்கா, பார்மசிக்காரியின்ட மூளையை!"

நான் ஒரு வருசம் பொத்தான் இல்லாமல் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். என் மூளையைப் பற்றி அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

எங்கள் வீட்டில் மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட வேண்டும். டிவி நிற்கும், அடுப்பு தணியும். எல்லோரும் திருஇருதயப் படத்தைப் பார்த்து நின்று திரிகாலச் செபம் சொல்வோம். மாமா வழக்கமாக ஆறுக்கு முன்பே கட்டையை முடித்துவிடுவார். துப்பாக்கி சுடும் போட்டிக்கு முதல்நாள் சனிக்கிழமை பிந்திவிட்டது. மணி அடித்தபோது பாதிக்கு மேல்தான் முடிந்திருந்தது. மாமி பொத்தானை வைத்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பினார். மேசைக்கு எல்லோரும் முதுகு காட்டி நின்றார்கள். மேசைக்குக் கிட்ட நின்றது நான்.

வாய் செபம் சொல்லிக்கொண்டிருந்தது. கை பின்னால் போய், பொத்தானை எடுத்து, ஒரு கோது தள்ளி வைத்தது. கை என்று சொல்கிறேன், ஆனால் செய்தது நான்தான். நாளைக்கு ஒரு தோட்டா புஸ் என்று போகும், மாமாவுக்குப் புள்ளி குறையும், டோர்ச் என்னிடம் திரும்பி வரும். அவ்வளவுதான் என் கணக்கு. செபம் முடிந்ததும் அவர்கள் பொத்தான் இருந்த இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். நான் மிகவும் கவனமாகக் கோது துடைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோருமாகப் போட்டிக்குப் போனோம். கயிற்றுக்குப் பின்னால் பார்க்க விட்டார்கள். சில விநாடிகளுக்குள் ஐந்து வெடி வைக்க வேண்டிய சுற்று. முதல் இரண்டும் காதை அடைத்தன. மூன்றாவது, கதவை விரலால் தட்டியது மாதிரி "டொக்" என்றது. நான் மாமாவைப் பார்க்கவில்லை. மாமியின் முகத்தைத்தான் பார்த்தேன்.

"நவத்தன்ன! நவத்தன்ன!"

நிறுத்தச் சொல்லிக் கத்தியபடி நடுவர் ஓடிவந்தார். மாமாவின் கை நீட்டியபடியே நின்றது. விரல் விசையில் இருந்தது. அடுத்ததை அழுத்த ஒரு இமைப்பொழுதுதான் பாக்கி. நடுவர் துப்பாக்கியை வாங்கி, மிச்சத் தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலுக்குள் ஒரு பித்தளைக் கம்பியை விட்டுத் தட்டினார். உள்ளே சிக்கியிருந்த குண்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதை மாமாவுக்குக் காட்டிச் சிங்களத்தில் சொன்னார். அடுத்ததைச் சுட்டிருந்தால் அது இதில் போய் முட்டியிருக்கும், குழல் வெடித்திருக்கும், உன் விரல்களைத் தேடிப் பொறுக்கியிருப்போம் என்றார். ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடிப் பழகிய சிங்களம் என்னுடையது. ஒரு சொல் தப்பாமல் விளங்கியது.

மாமாவின் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாயையும் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் மாமி கயிற்றுக்குக் கீழால் குனிந்து போய்விட்டார்.

"என்ட பிழை. நான்தான் வடிவாப் பாக்காம 'இருக்கு' எண்டு சொல்லிப்போட்டன்."

எங்கள் முன்னால் மாமியின் விரலைக்கூடத் தொடாத மாமா, தப்பிய அந்தக் கையாலேயே அவருடைய கையைப் பிடித்தார்.

"சரி, விடும். ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

என் அழுகை அந்த இடத்திலேயே வற்றிவிட்டது. குற்றத்தைக்கூட எனக்கு முதல் அவ எடுத்துக்கொண்டுவிட்டா. அதற்கும் மாமா கையைப் பிடிக்கிறார்! இனிச் சொல்லி என்ன பயன் என்று வாயை மூடிக்கொண்டேன். வீடு வரும்வரை அம்மா மாமியைத் திட்டினார்.

"கலியாணம் முடிச்சு மூண்டு மாசம் ஆகேல்ல, என்ட தம்பியின்ட கையைக் கொண்டுபோகப் பாத்தீர்!"

மாமி வேன் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பகல் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது என்னைத் துடைக்கக் கூப்பிட்டார். குசினியில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"மணி அடிக்கேக்க நான் பொத்தானை மூண்டாம் வரிசையின்ட கடைசிக் கோதில வச்சனான்," என்றார், பீங்கானைத் தேய்த்தபடி. "செபம் முடிஞ்சு திரும்பேக்க நாலாம் வரிசையில இருந்தது. அந்த நேரம் எனக்குப் பிடிபடேல்ல. இப்பத்தான் யோசிக்கிறன்."

"எனக்குத் தெரியாது, மாமி."

"ம்," என்று கழுவிய பீங்கானை என்னிடம் நீட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கத் துணிவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை டோர்ச்சை அவராகவே என் கையில் தந்தார். "உங்கட மருமகளின்ட கண்தான் திறம்," என்று மாமாவிடம் சொன்னார். பொத்தான் அதற்குப் பிறகு மேசைக்கு வரவில்லை. நான் வென்றுவிட்டேன். ஒவ்வொரு கோதுக்கும் குசினிவரை கேட்கும்படி "இருக்கு!" என்று கத்தினேன். பிழை விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த பிறகு உண்மையாகவே கவனமாகப் பார்த்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐம்பதாவது "இருக்கு" சொன்ன கையோடு, மாமா குண்டுப் பெட்டிக்குக் கை நீட்டும் நேரம் பார்த்து, மாமி தேத்தண்ணி கொண்டு வந்துவிடுவார். கோப்பையை மேசையில் வைக்கமாட்டார், மாமாவின் கையில்தான் கொடுப்பார். பிறகு கட்டையின் மேல் குனிந்து, போன் வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் பார்ப்பார். உதடு மெல்ல அசையும். "ஆறமுதல் குடியுங்கோ," என்பார். பார்த்து முடிந்ததும் வெறுங் கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

டோர்ச் கைவிட்டுப் போன ஏக்கம் என்று நினைத்தேன். பாவம், என்னைப் பார்த்து எரிகிறா என்று எனக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம். கோப்பை பிடித்திருக்கும் கையால் மாமா குண்டு எடுக்க முடியாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.